காதருகே பாடிய குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

சீனத்தில் 1980-களின் தொடக்கத்தில் மக்களிடையே ஒரு கேலிப் பேச்சு உலவியது. பகலில் பெரிய டெங் சொல்வதைக் கேட்போம், ராத்திரியில் சின்ன டெங் பாடுவதைக் கேட்போம் என்பார்கள். பெரிய டெங், நாட்டை நடத்திய டெங் சியாவோபிங். சின்ன டெங், தைவான் பாடகி தெரசா டெங். கடைசிவரை அந்த நாட்டில் ஒரு மேடைகூட ஏறாதவர்!

1953-இல் தைவானின் யுன்லின் மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா ராணுவ வீரர், சீன உள்நாட்டுப் போரில் தோற்றுத் தைவானுக்கு வந்த படையைச் சேர்ந்தவர். சிறுமியாகவே பாட்டுப் போட்டிகளில் பரிசு வாங்கினார். பதினான்கு வயதில் படிப்புக்கு முழுக்கு. அப்புறம் பாட்டுதான் பிழைப்பு. 1974-இல் ஜப்பானில் புதுமுகப் பாடகர் விருது கிடைத்தது. 1979-இல் இந்தோனேசியப் பாஸ்போர்ட்டோடு டோக்கியோவில் இறங்கிச் சிக்கிக்கொண்டார், நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். சரி, அதோடு அங்கே கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1984-இல் திரும்பிப் போய் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கேபிள் வானொலி விருதின் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தார்.

ஆனால் விருதுகளை வைத்து இவரை அளக்க முடியாது. அந்தக் குரலைக் கவனித்துக் கேட்க வேண்டும். அடி தொடங்குவதற்கு முன் அவர் இழுக்கும் மூச்சு நமக்குக் கேட்கும். அடி முடியும்போது குரல் அழுத்தி நிற்காது, காற்றோடு கலந்து தேய்ந்துபோகும். 1977-இல் அவர் பாடிய புகழ்பெற்ற நிலாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என்மேல் எவ்வளவு அன்பு என்று கேட்கும் காதலனிடம், நிலாவைப் போய்ப் பார் என்கிறாள் அவள். வேறொருவர் முதலில் பாடிய பாட்டுதான் அது. இன்று அது யாருக்கும் நினைவில்லை.

பழைய பண்பாட்டை ஒழிக்க மாவோ நடத்திய கலாசாரப் புரட்சிக் காலத்தில் (1966-76) சீன மக்கள் கேட்டதெல்லாம் அணிவகுப்புப் பாட்டும் கூட்டிசையும்தான், அதுவும் ஒலிபெருக்கியில். பாட்டு எப்போதும் ஊரைப் பார்த்தே பாடியது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் தனி ஒருவரிடம், காதருகே பாடினாள். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்து, இரைச்சல் கூடக் கூடக் கைமாறிப் போயிற்று அந்தக் குரல். அரசு அதைச் சீரழிவு இசை என்றது. ஒருவகையில் அரசு சரியாகவே பயந்தது என்பேன். அந்தப் பாட்டுகளில் அரசியல் ஒரு சொல்கூட இல்லை. கேட்பவரைத் தனி ஆளாக மதித்ததுதான் அதன் வம்பு.

அந்தப் பாணி எவ்வளவு ஆழமாக ஊடுருவியது என்பதற்கு லீ குயி என்ற சீனப் பாடகியே சாட்சி. சொந்த ஊர் ஏக்கம் பற்றிய ஒரு பாட்டை அவர் மூச்சுக் காற்று கலந்த மென்குரலில் பாடப்போய், 1980-இல் கடும் கண்டனத்துக்கு ஆளானார். 1983-இல் புத்தாண்டுத் தொலைக்காட்சி விழா நேரலையில், அதே பாட்டைக் கேட்டு நேயர்களின் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அமைச்சரே அனுமதி தர வேண்டியதாயிற்று. பாடினார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சீனக் கரைக்கு நேர் எதிரே தைவான் வசமிருக்கும் கின்மென் தீவில், 48 ஒலிபெருக்கிகள் பதித்த ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. எதிர்க்கரைக்குப் பிரசாரம் செய்யக் கட்டியது. அதில் தெரசாவின் குரலும் ஒலித்தது. காதருகே பாட வேண்டிய குரலைப் போர்க்கருவியாக்கிவிட்டார்கள்! அவரும் ராணுவ முகாம்களில் விரும்பிப் பாடியவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1989 மே 27 அன்று ஹாங்காங்கில், ஜனநாயகம் கேட்டுப் போராடிய சீன மாணவர்களுக்கு ஆதரவாக நடந்த பெருங்கூட்டத்திலும் பாடினார்.

1995 மே 8 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஆஸ்துமா தாக்கி இறந்தார். வயது 42.

இப்போது ஒரு பாட்டு. 1983-இல் அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பில் பழைய சீனக் கவிதைகளுக்குப் புதிதாக மெட்டமைத்துப் பாடினார். அதில் ஒன்று 1076-இல் சு ஷி என்ற கவிஞர், பௌர்ணமி இரவில் தொலைவிலிருந்த தம்பியை நினைத்து எழுதியது. ஹாங்காங் பாடகி ஃபே வோங் பின்னாளில் பாடியதும் நன்றாகவே இருக்கும். எனக்கென்னவோ தெரசாதான். இரண்டாவது அடிக்கு முன் வரும் மூச்சைக் கவனியுங்கள்.