மிச்ச நூலில் ஒரு கிண்ணம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னல் போடுகிறவர்கள் வீட்டில் கட்டாயம் ஒரு கட்டைப்பை இருக்கும். கட்டிலுக்கு அடியிலோ பரண் மேலோ. உள்ளே முழுக்க மிச்ச நூல். குழந்தைத் தொப்பி போட்டு மீந்த மஞ்சள், வாசல் தோரணத்தில் மீந்த பச்சை, பாதியில் விட்ட சால்வையைப் பிரித்த ஊதா. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. தூக்கிப் போட மனம் வராது, எதற்கும் காணவும் காணாது. போன வருஷம் என் பையைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பெரிய போர்வைக்கான நூல் அறுபது எழுபது உருண்டைகளாகக் கிடந்தது.

அதில் கிண்ணம் போடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. கிண்ணத்தை யாரும் உடுத்தப் போவதில்லை, அளவு பிசகினால் குறையில்லை. நூல் எங்கே தீர்கிறதோ அங்கே விளிம்பு. கைக்கடக்கமான ஒன்றுக்கு 40 கிராம் போதும்.

முதல் கிண்ணம் தரையில் உட்காரவில்லை. அடி உருண்டு வந்துவிட்டது, வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்தது. மண்பானைக்கு அடியில் பிரிமணை வைப்பார்களே, அது மாதிரி இதற்கும் ஒன்று வேண்டியிருந்தது. பிரித்துப் பிரித்து மூன்று தடவை போட்ட பிறகுதான் தப்பு பிடிபட்டது. எண்ணிக்கையில் விட்டிருந்தேன்.

அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசை. நடுவில் ஒரு வளையம் போட்டு அதில் ஆறு கண்ணி, சிங்கிள் குரோஷா என்கிற குட்டைக் கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. பிறகு 18, 24, 30. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் அப்பளம் மாதிரி தட்டையாக வரும். ஏன் ஆறு? சிங்கிள் குரோஷாவில் ஒரு கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஒரு சுற்று போட்டால் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி அளவு கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு எவ்வளவு கூட வேண்டும்? பள்ளிக்கூடத்தில் படித்த அதே இரண்டு பை ஆர் கணக்குதான். இரண்டு பை என்றால் 6.28. அந்தப் புள்ளி இரண்டு எட்டை நூலின் நெகிழ்வு தாங்கிக்கொள்கிறது, நமக்கு ஆறு போதும்.

ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் ஓரம் நீளம் போதாமல் மேலே எழும்பும். அதுதான் கிண்ணம். ஒன்றுமே கூட்டாமல் சுற்றினால் சுவர் செங்குத்தாக நிற்கும். என் முதல் கிண்ணத்தில் மூன்றாம் சுற்றிலேயே கூட்டுவதைக் குறைத்துவிட்டேன். அடி தட்டையாவதற்குள் சுவர் கிளம்பிவிட்டது. இப்போதெல்லாம் அடியை 48 கண்ணி வரை, அதாவது எட்டுச் சுற்று, தட்டையாகவே கொண்டுபோகிறேன். அப்புறம் ஒரே ஒரு சுற்று, கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் ஊசியைக் கொடுத்துப் போடுகிறேன். அடியும் சுவரும் சந்திக்கும் இடத்தில் டிபன் பாக்ஸுக்கு இருப்பது போல ஒரு மடிப்பு விழும். கிண்ணம் அசையாமல் உட்காரும்.

கைபேசியில் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்வதைத்தான் பிரிட்டனில் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுள் வேறு, அது உயரமான கண்ணி. உயரம் கூடினால் ஆரமும் சட்டென்று கூடும், அதனால் அதற்குச் சுற்றுக்கு 12 கூட்ட வேண்டும். இது தெரியாமல் ஆறு போட்டுவிட்டு, கை சரியில்லை என்று ஊசியைத் தூக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

சரி, ஆறுக்கு மேல் கூட்டினால்? ஓரம் இடம் போதாமல் நெளியும், கோழிக்கொண்டைப் பூ மாதிரி. இந்த நெளிவை ஒரு கணிதப் பேராசிரியர் பாடம் நடத்தவே பயன்படுத்தினார். லாட்வியாவில் பிறந்த டாய்னா டைமினா, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1997-இல் ஹைப்பர்போலிக் தளம் என்ற, எங்கும் இப்படி நெளிந்துகொண்டே விரியும் வடிவத்தைக் குரோஷாவில் போட்டார். அதற்கு முன் அதைக் காகிதத்தில் ஒட்டிக் காட்டுவார்கள், கை பட்டால் கிழியும். இவர் போட்டதை மடிக்கலாம், நீவலாம், மாணவர்கள் கையில் கொடுக்கலாம். விதி ரொம்பச் சின்னது. இத்தனை கண்ணிக்கு ஒன்று என்று மாறாமல் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். இதைப் படித்த அன்றே ஒரு கிண்ணத்தின் கடைசி இரண்டு சுற்றில் கண்ணிக்கு இரண்டு இரண்டாகப் போட்டேன். 48 கண்ணி 96 ஆகி, பிறகு 192 ஆனது. விளிம்பு முழுக்கக் கொண்டைப் பூ. நூலைத்தான் குடித்துவிட்டது. அந்த இரண்டு சுற்றுக்குப் போன நூல், அதற்குக் கீழே ஆறு சுற்றுச் சுவருக்குப் போன நூலுக்குச் சமம்.

இனி நூல். மிச்ச நூலில் லேபிள் இருக்காது. நம் கடைகளில் உல்லன் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். எது எது என்று தெரிய விரல் நீளத்துக்கு வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே மெழுகுவத்தியில் காட்டுவேன். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். அசல் கம்பளி மயிர் பொசுங்கும் வாடையோடு தானே அணையும். அக்ரிலிக் உருகி, ஆறினதும் கறுப்பாகக் கெட்டி மணி ஒன்று நிற்கும். இது விளையாட்டுச் சோதனை இல்லை. அக்ரிலிக் கிண்ணத்தில் மிகவும் சூடான பாத்திரத்தை வைத்தால் நூல் இளகிப் பிடித்துக்கொள்ளக்கூடும். சாப்பாட்டு மேஜைக்குப் போவது பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மெல்லிய நூல் தொய்யும். அதனால் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்து, ஒற்றை இழைக்கு எடுக்கும் 4 மில்லிமீட்டர் ஊசியாலேயே இறுக்கமாகப் போடுகிறேன். மஞ்சளும் ஊதாவும் சேர்ந்து ஓடும்போது ஒரு புது நிறம் வருகிறது, கடையில் கிடைக்காத நிறம். ஓர் உருண்டை தீர்ந்து அடுத்ததைத் தொடங்கும்போது முடிச்சுப் போட்டு வெட்டிவிடக் கூடாது. விரல் நீள வாலை விளிம்போடு படுக்க வைத்து, அதன் மேலேயே பத்துக் கண்ணி போட்டால் வால் உள்ளே அடங்கிவிடும்.

திருப்பூர்ப் பக்கம் உறவினர் இருந்தால் பனியன் துணி கட்டிங் வேஸ்ட் கிடைக்கும். அதைக் குறுக்குவாட்டில் இரண்டு விரல் அகல நாடாவாக வெட்டி இழுத்தால், ஓரங்கள் தானே சுருண்டு கயிறு மாதிரி ஆகும். பழைய டி-ஷர்ட்டும் அப்படியே. 10 மில்லிமீட்டர் ஊசியில் ஒரு மணி நேரத்தில் ஒரு கிண்ணம். கஞ்சியே வேண்டாம், தன் பலத்தில் நிற்கும்.

பருத்தி நூல் கிண்ணத்துக்குக் கஞ்சி வேண்டும். சுங்குடிச் சேலைக்குப் போடும் அதே ஜவ்வரிசிக் கஞ்சிதான். ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை ஊறவைத்து, கண்ணாடி போல ஆகும் வரை காய்ச்சி வடிகட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டில் கிண்ணத்தை முக்கிப் பிழிந்து, பாலிதீன் சுற்றிய எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் மாட்டி, ஒரு நாள் வெயிலில் விடுங்கள். கழற்றி விரலால் சுண்டினால் டக் டக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே இன்னொன்று போடலாம் போலிருக்கும். அக்ரிலிக் கஞ்சியைக் குடிக்காது, மேலே திட்டுத் திட்டாக நிற்கும். முயன்று பார்த்துவிட்டேன்.

என் மாமியாருக்கு இப்போது கண் மங்கல். காலை மாத்திரை அட்டைகளையும் இரவு மாத்திரை அட்டைகளையும் மாற்றி எடுத்துவிடுவாரோ என்று எங்களுக்குப் பயம். கொண்டைப் பூ விளிம்பு வைத்த கிண்ணத்தைக் காலைக்கு வைத்தோம், மொட்டை விளிம்புள்ளதை இரவுக்கு. முதலில் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தோம். நான்கு மாதமாகிறது, விரலால் விளிம்பைத் தடவியே சரியாக எடுத்துவிடுகிறார். போன வாரம் மருத்துவர் மதியத்துக்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அப்போ எனக்கு மூணாவது ஒண்ணு போடணுமே" என்றார் அத்தை. தடவினால் வேறாகத் தெரிய வேண்டும். சுவரில் அங்கங்கே பொரி மாதிரிப் புடைக்கும் பாப்கார்ன் கண்ணி வைக்கலாம் என்று நினைக்கிறேன். பையில் பச்சைப் பருத்தி 55 கிராம் இருக்கிறது. நேற்று ராத்திரி அடி முடிந்துவிட்டது, 48 கண்ணி.

வணக்கம்.