கார் ஷெட்டில் நெட்டிலிங்கக் கொட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

நெட்டிலிங்கம் பழுக்கும் காலத்தில், விடிகாலையில் வாசல் பெருக்க வந்தால் கார் ஷெட்டில் பத்துப் பதினைந்து கொட்டைகள் கிடக்கும். பக்கத்திலேயே, கரும்பை மென்று துப்பின மாதிரி சக்கை. வெள்ளையடித்த சுவரில் பழுப்புத் தெறிப்பு வேறு. எங்கள் எதிர்வீட்டு அம்மா தம் வீட்டு ஷெட்டில் இதைப் பார்த்துவிட்டு, "சார், ராத்திரி யாரோ வேணும்னே பண்றாங்க" என்றார். அந்த யாரோ, ஐம்பது கிராம் தேறாத ஒரு வௌவால்.

குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். ஆலமரத்தில் கூட்டங்கூட்டமாகத் தொங்குமே, அது வேறு. அதில் பெரியது ஒரு கிலோவுக்கு மேல் போகும். இது உள்ளங்கையில் அடங்கிவிடும். நாய்க்குட்டி முகம், பெரிய கண், காதோரத்தில் வெளிறிய கரை. பூச்சி பிடிக்கும் வௌவால்கள் போல எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிக்காது. கண்ணையும் மூக்கையும்தான் நம்பும். கொய்யா பழுத்த சேதி வீட்டுக்காரருக்கு முன்னால் இதற்குத்தான் எட்டும்.

பழுத்த மரத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம் இதற்கு இல்லை. பழத்தைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய், தலைகீழாகத் தொங்கியபடி கடித்து, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திச் சாற்றை விழுங்கும். சக்கையும் கொட்டையும் கீழே. அந்த வேறிடம் சில சமயம் நம் வீட்டு ஷெட்டாக அமைந்துவிடுகிறது. யாரும் நடாமலே காலி மனையில் வாதுமைக் கன்று முளைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

சரி, பகலில் எங்கே இருக்கும்? அங்கேதான் விஷயமே. இது கூடாரம் கட்டுகிற வௌவால். கூந்தல் பனையில் சடைசடையாகக் காய்க்குலை தொங்கும், பார்த்திருப்பீர்கள். ஆண் வௌவால் அதன் நடுவில் உள்ள சரங்களைப் பல்லாலேயே கடித்துக் கடித்து அறுத்துவிடும். வெளிச்சரங்கள் திரை போல அப்படியே நிற்க, உள்ளே மணி கவிழ்த்தாற்போல ஒரு குழிவு. நெட்டிலிங்கத்திலும், மாடியிலிருந்து தொங்கவிடும் படர்கொடியிலும்கூட இதே வேலைதான். கட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். தமிழ்நாட்டிலேயே இதை இரவிரவாகக் காத்திருந்து பார்த்து, 1990களில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வீடு தயாரானால் பெண்கள் வந்து சேரும். ஓர் ஆணோடு பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருப்பதும் உண்டு. கூடாரம் கிடைக்காத ஆண்கள் பக்கத்து இலைக்கடியில் தனியாகத் தொங்கும். 'வௌவால் வீட்டுக்கு வௌவால் போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு' என்று சொன்னவர் இந்தக் கூடாரத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது! ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஒவ்வொன்றிலும் ஒரே குட்டி.

இடையில் ஒரு வேடிக்கை. 1948-இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துரை பிடித்த வௌவால் ஒன்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இந்தக் குட்டைமூக்கன் பெயரிலேயே பல ஆண்டுகள் கிடந்தது. 1972-இல் கிட்டி தாங்லாங்யா என்ற தாய்லாந்து அறிஞர் எடுத்துப் பார்த்தால், வாலே இல்லை. குட்டைமூக்கனுக்குச் சின்ன வால் உண்டு. முற்றிலும் புதிய பேரினம்! அதுதான் சலீம் அலி பழந்தின்னி வௌவால்.

அதே 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு சேர்த்துத் தொல்லைப் பிராணிகள் பட்டியலில் வைத்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போயிற்று.

நிபா வைரஸ் காய்ச்சல் பற்றியும் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த வைரஸுக்கு இருப்பிடமாக முக்கியமாகச் சொல்லப்படுவது ஆலமரத்துப் பெரிய வௌவால். எதுவானாலும் கடிபட்ட பழத்தைத் தின்ன வேண்டாம், அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அம்மாவை அழைத்துப்போய், அவர் வீட்டு நெட்டிலிங்கத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். இலைக்குள் ஏழெட்டு முகங்கள் எங்களையே பார்த்தன. மரத்தை வெட்ட ஆள் சொல்லியிருந்தாராம், வேண்டாம் என்றுவிட்டார். இந்தப் பொங்கலுக்கு அந்தச் சுவருக்கு மட்டும் பழுப்பு வண்ணம் அடித்திருக்கிறார்.