மனசு சோர்ந்த வீட்டுக்கு ராத்திரிக் கஞ்சி: அளவு, பக்குவம், கவனம்

எல்லாருக்கும் வணக்கம். களியக்காவிளைப் பக்கம், நம்ம அடுக்களையில இருந்து பேசுதேன். அடுப்புல சம்பா அரிசிக் கஞ்சி கொதிக்குது. வெந்து வர முக்கால் மணி நேரம் ஆகும், அதுக்குள்ள விஷயத்தைச் சொல்லிருதேன்.

மனசு சரியில்லாதவங்களுக்கு என்ன குடுக்கலாம்னு நெறைய பேரு கேக்குதாங்க. எந்தக் கீரை, எந்த விதை, எந்தப் பொடி, இதுதான் கேள்வி. அங்க இருந்து தொடங்காதீங்க. ஒருத்தருக்கு மனச்சோர்வு வந்தா வீட்டுல மொதல்ல நின்னுபோறது சமையல்தான். என்ன வைக்கணும்னு முடிவெடுக்கக்கூட தெம்பு இருக்காது. காலையில வெறும் காப்பி, மத்தியானம் ஒண்ணும் கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு பார்சல் பொறோட்டா. நேரம் தப்பித் தின்னா தூக்கம் கெடும், தூக்கம் கெட்டா மறுநாள் மனசு இன்னும் கீழ போகும். நம்ம ராத்திரிக் கஞ்சி உதவுறது இந்த இடத்துலதான். தினமும் ஒரே நேரம், ஒரே பானை. கஞ்சி, பயறு, துவையல், சுட்ட பப்படம். யோசிக்க ஒண்ணும் இல்ல. 1956 நவம்பர் 1-ல எல்லை பிரிஞ்சு நாம தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம், பாறசாலை கேரளப் பக்கம் நின்னுபோச்சு. ஆனா ராத்திரிப் பானை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

ஒரு பேச்சை மட்டும் மொதல்லயே தள்ளி வச்சிருவோம். செரட்டோனின்னு மனநிலையோட தொடர்புள்ள ஒரு ரசாயனம், உடம்புல உள்ள அதுல 90 சதவீதம் குடல்லதான் உண்டாகுது, அதனால பழையது குடிச்சா மனசு சந்தோஷமாயிரும்னு சொல்லுதாங்கல்ல? முன்பாதி சரி. பின்பாதி தப்பு. குடல்ல உண்டாகுற செரட்டோனின் மூளைக்குள்ள போகாது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கிடும். குடலுக்கும் மூளைக்கும் வேற வழியில தொடர்பு உண்டு, நரம்பு வழியா, நுண்ணுயிர்கள் உண்டாக்குற பொருள்கள் வழியா. அது இன்னும் ஆராய்ச்சியில இருக்கு. 2017-ல ஆஸ்திரேலியாவுல மனச்சோர்வு உள்ள 67 பேரை வச்சு 12 வாரம் பாத்தாங்க. சாப்பாட்டை ஒழுங்குபடுத்தினவங்கள்ல 32 சதவீதம் பேருக்கு நோய் விலகுச்சு, பேச்சுத்துணை மட்டும் கிடைச்சவங்கள்ல 8 சதவீதம். நல்ல சேதிதான். ஆனா ஆராய்ச்சி சின்னது, அதுல உள்ள சாப்பாடு காய், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய்னு அந்த ஊரு வகை, பெரும்பாலானவங்க சிகிச்சையும் எடுத்துக்கிட்டுதான் இருந்தாங்க. அதனால மாத்திரையை நிறுத்திட்டு கஞ்சி குடுக்கிறதுன்னு யாரும் இறங்கிராதீங்க. ரெண்டும் சேந்து போகணும்.

இப்ப அளவு. நாலு பேருக்கு சம்பா அரிசி 200 கிராம், ஒரு மணி நேரம் ஊறணும். பானையில வச்சா தண்ணி 2 லிட்டர். குக்கர்னா ஒண்ணேகால் லிட்டர் போதும், ஆனா குக்கர்ல பாதிக்கு மேல நிறைக்கக்கூடாது. கஞ்சி நுரைச்சு வெயிட்டு ஓட்டையை அடைச்சிரும், அது ஆபத்து. அரை ஸ்பூன் தேங்காயெண்ணெய் விட்டா நுரை அடங்கும். ஆறு விசில், அப்புறம் சிம்ல பத்து நிமிஷம், பிரஷர் தானா எறங்கட்டும். உப்பு கடைசியில, அவங்கவங்க பாத்திரத்துல.

சிறுபயறு 100 கிராம். வெறும் சட்டியில மணம் வர வறுத்தா ஊறவைக்க வேண்டாம். அங்கங்க ஒரு பயறு மணி செவக்க ஆரம்பிச்ச உடனே எறக்கிருங்க. கருகினா கசக்கும், வேகவும் செய்யாது. 400 மில்லி தண்ணி, மூணு விசில். ஒரு கைப்பிடி துருவின தேங்கா, அரை ஸ்பூன் சீரகம், ரெண்டு பல் பூண்டு, மூணு காந்தாரி மிளகாய், கால் ஸ்பூன் மஞ்சப்பொடி, எல்லாத்தையும் ஒண்ணு ரெண்டா சதைச்சுப் போட்டு ஒரு கொதி. கடுகும் கறிவேப்பிலையும் தாளிச்சா முடிஞ்சுது. துவையலுக்கு அரை முறி தேங்கா, சுட்ட மிளகாவத்தல் அஞ்சு, உள்ளி (சின்ன வெங்காயம்) ஆறு, கொஞ்சம் புளி, உப்பு. அம்மி இல்லன்னா மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்க. ஒரேயடியா ஓட்டினா சூடேறி தேங்கா எண்ணெய் கக்கிரும்.

இனி சொல்லப்போறதுதான் முக்கியம். சோர்ந்து கிடக்கிறவங்களை முழுச் சமையலுக்குக் கூப்பிடாதீங்க, முடியாது. அதுல ஒரு துண்டை மட்டும் குடுங்க. இங்க பாருங்க, இந்தக் கிண்ணத்துல உள்ளி பத்துதான் இருக்கு. தண்ணியில பத்து நிமிஷம் போட்டு வச்சதால தோல் இளகியிருக்கு. வேர்ப்பக்கத்தை நகத்தால கிள்ளி ஒரு இழுப்பு, தோல் முழுசா வந்திருது. கண்ணும் எரியல. பத்தும் உரிச்சா வேலை முடிஞ்சுது, முடிஞ்சது கண்ணுக்கும் தெரியுது. கால் கிலோவைக் குடுத்தா பாதியில வச்சிட்டு எந்திரிச்சுப் போவாங்க. 'இதுகூட என்னால முடியல'ங்கிற நெனைப்புதான் மிஞ்சும். முருங்கைக்கீரைன்னா ரெண்டு காம்பு. பயறுன்னா ஒரு தட்டு, கல்லு பொறுக்க. மனசு வந்த பொறவு வேலை செய்யலாம்னு காத்திருக்காம, சின்ன வேலையை நேரம் குறிச்சு மொதல்ல செய்யுறதுன்னு மனநல சிகிச்சையிலயே ஒரு முறை இருக்கு, பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு சொல்லுதாங்க. அடுக்களையில அதுக்கு இடம் நெறைய.

கெடுக்கிறது எதுன்னா நம்ம வாய்தான். 'இப்படியா உரிக்கிறது, கொண்டா இங்க'ன்னு கையில இருந்து பிடுங்கக்கூடாது. சின்னப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி 'ஆஹா ஓஹோ'ன்னும் வேண்டாம். எதிர உக்காந்து மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்காம, பக்கத்துல உக்காந்து நீங்களும் ஏதாவது உரியுங்க. வரமாட்டேன்னு சொன்னா விட்டிருங்க, கஞ்சியை அவங்க நேரத்துக்குக் கொண்டுபோய் வைங்க, மறுநாள் திரும்பக் கூப்பிடுங்க. தூக்கம் வரவைக்கிற மாத்திரை எடுக்கிறவங்கன்னா அடுப்பும் அருவாமணையும் வேண்டாம், உரிக்கிற, ஆயுற வேலை மட்டும்.

பழையது விஷயத்துல ஒரு தப்பு பரவலா நடக்குது. மத்தியானம் வடிச்ச சோறு சூடோட மூடிக் கிடக்கும், ராத்திரி படுக்கப்போகும்போதுதான் தண்ணி ஊத்துவாங்க. சோறு வெந்தாலும் சாகாத ஒரு கிருமி உண்டு, பேசிலஸ் சீரியஸ்னு பேரு. வெதுவெதுப்புல மணிக்கணக்கா கிடந்தா அது பெருகி விஷத்தை உண்டாக்கும், பொறவு சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. அதனால சோத்தை அகலமா பரத்தி ஒரு மணி நேரத்துக்குள்ள ஆறவச்சு, மண்பானையில போட்டு, மேல மூணு விரக்கடை நிக்கிற மாதிரி நல்ல தண்ணி ஊத்துங்க. எட்டு மணி நேரம் போதும், வெயில் காலத்துல அதுக்கு மேல விடாதீங்க. லேசா புளிச்ச மணம் சரி. நூல் மாதிரி வழுவழுப்பு வந்தாலோ நிறம் மாறினாலோ கொட்டிருங்க.

பழையதுல பி12 கிடைக்கும்னு நம்பியிருக்காதீங்க. பி12 குறைஞ்சா சோர்வு, மறதி, எரிச்சல் எல்லாம் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் அப்படித்தான். டாக்டர்கிட்ட சொல்லி இந்த மூணையும் ரத்தத்துல பாத்திருங்க. மீன் தின்னுறவங்களுக்கு நம்ம கடல்ல சாளை இருக்கே, பி12-ம் ஒமேகா-3-ம் ரெண்டும் உண்டு. வாரத்துல ரெண்டு நாள் போதும். எண்ணெயில முக்கிப் பொரிக்கிறதைவிட குழம்புதான் நல்லது. அரைப்பும் புளியும் நல்லா கொதிச்ச பொறவு மீனைப் போட்டு எட்டு நிமிஷம். அகப்பை போடக்கூடாது, சதை உடைஞ்சிரும். சட்டியை ரெண்டு பக்கமும் துணியால பிடிச்சு மெதுவா சுத்தி விடுங்க. மீன் தின்னாதவங்களுக்கு பால், தயிர், முட்டை. அதுவும் இல்லன்னா டாக்டர் சொல்லுத மாத்திரை. சாப்பிட்ட கையோட சாயா குடிச்சா பயறுல உள்ள இரும்புச்சத்து சரியா சேராது, ஒரு மணி நேரம் கழியட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல காப்பித்தூளும் தேயிலையும் வேண்டாம். கருப்பட்டி, சுக்கு, மல்லி, நல்லமிளகு மட்டும் போட்ட சுக்கு வெள்ளம் குடிக்கலாம், தூக்கத்தைக் கெடுக்காது.

மருந்து எடுக்கிறவங்களுக்கு ரெண்டு கவனம். லித்தியம் எடுக்கிறவங்க உப்பையோ தண்ணியையோ திடீர்னு குறைக்கக்கூடாது, ரத்தத்துல மருந்து அளவு ஏறிரும். ஓலன்சபின் மாதிரி மருந்துல பசி கூடும், எடை ஏறும், சர்க்கரையும் ஏறலாம். அவங்களுக்குக் கஞ்சியைக் குறைச்சு பயறைக் கூட்டுங்க.

நம்ம ஊருல அம்மன் கோயில்ல கஞ்சி ஊத்துதாங்க, பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி காய்ச்சுதாங்க, சர்ச்சுல அசனம்னு பொதுச் சாப்பாடு போடுதாங்க. மூணுலயும் முந்தின ராத்திரியோ அன்னைக்கு விடியக்காலமோ ஒரு கூட்டம் உக்காந்து காய் வெட்டும். சோர்வுல இருந்து கொஞ்சம் தேறினவங்களுக்கு அந்த வேலை நல்லது. பந்தியில உக்கார்றதைவிட லேசு, கை வேலையில இருக்கும்போது யாரும் 'என்னாச்சு'ன்னு நோண்ட மாட்டாங்க. ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு வரலாம்னு முன்னாடியே பேசிக்கிட்டு கூட்டிட்டுப் போங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல சோர்வு விடல, சாப்பாடும் தூக்கமும் கெட்டுக் கிடக்குன்னா டாக்டரைப் பாக்கணும். அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலி மானஸ், நம்பர் 14416, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்லயும் மலையாளத்துலயும் பேசலாம். சாகணும்ங்கிற பேச்சு வாயில வந்தா அவங்களைத் தனியா விடாதீங்க. வீட்டுல உள்ள மாத்திரை, தோட்டத்துக்கு வாங்கி வச்ச பூச்சி மருந்து, எல்லாத்தையும் அன்னைக்கே வீட்டை விட்டு வெளிய எடுத்துட்டு, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.