மொனிட்டர் போயிற்று எண்டு சொல்லாதீங்க

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில கொம்பியூட்டர் திருத்துற ஆள்தான் கதைக்கிறன். உள்ள வரக்குள்ள அறிவிப்பாளர் தங்கச்சி கேட்டா, அண்ணன் என்னத்தப் பத்திக் கதைப்பீங்க எண்டு. மொனிட்டர் கறுப்பா நிக்கிறதப் பத்தி ரெண்டு மணித்தியாலமும் கதைப்பன், நீங்கதான் கையக் காட்டி நிப்பாட்டணும் எண்டன்.

உங்கட வீட்டிலயும் நடந்திருக்கும். சுவிச்சப் போடுறீங்க, சிபியு பெட்டியில லைட் எரியுது, ஃபேன் சுத்துற சத்தமும் கேக்குது, மொனிட்டர் மட்டும் கறுப்பு. உடனே வாயில வாற சொல், "மொனிட்டர் போயிற்று." அந்தச் சொல்லோடதான் எனக்குச் சண்டை.

ஒரு மார்கழி மழைக்க, பாலத்துக்கு அங்கால புளியந்தீவில இருந்து ஒரு ரீச்சர் வந்தா. மொனிட்டர பெட்சீற்றால சுத்தி, அதுக்கு மேல பொலித்தீன், ஓட்டோவில மடியில வச்சுக்கொண்டு, குழந்தைப் பிள்ளையத் தூக்கி வாற மாதிரி. நான் என்ட மெசினில கொழுவினன், படம் பளிச்செண்டு வந்திற்று. "தம்பிட கைராசி" எண்டு சந்தோசமாப் போனா. மறுகா அடுத்த நாளும் அதே பெட்சீற், அதே ஓட்டோ. இஞ்ச படம் வருது, அங்க வருதில்ல. மூண்டாம் நாள் நான் பைக்க எடுத்துக்கொண்டு போனன்.

போய் முதல்ல பாத்தது மொனிட்டர்ட அடியில இருக்கிற அந்தச் சின்ன லைட்ட. செம்மஞ்சள். கவனமாக் கேளுங்க, லைட் செம்மஞ்சளா நிண்டா மொனிட்டருக்குக் கரண்ட் வருது, அனேகமா சிபியுவில இருந்துதான் படம் வந்து சேருதில்ல. பிளக்கக் கழட்டிப்போட்டு, சிபியுவத் திறந்து, றாமை, அதான் உள்ளுக்க கொழுவியிருக்கிற மெமரிப் பலகைய, எடுத்தன். அந்தத் தங்கக் கலர் பல்லு வரிசையில மங்கலா ஒரு படிவு. நமக்கு ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி, உப்புக்காத்து சும்மா விடுமா? பேரன்ட அழிறப்பர வாங்கி மெல்லமாத் தேச்சு, தூளத் தட்டி, ரெண்டு பக்கமும் "டிக்" எண்டு கேக்கும் வரை அமத்தினன். படம் வந்திற்று. ரீச்சர் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டு கேட்டா, "அப்ப தம்பி, ரெண்டு நாள் ஓட்டோக் காசு?"

அதால திரும்பவும் சொல்லுறன், தூக்க முன்னம் லைட்டப் பாருங்க. லைட்டே எரியல்லயா, அனேகமா சிபியுவுக்குப் போற கரண்ட் வயரே மொனிட்டருக்கும் பொருந்தும், மாத்திக் கொழுவிப் பாருங்க. "நோ சிக்னல்" எண்டு எழுத்து வருதா, அப்ப மொனிட்டர் தானே வாய் திறந்து சொல்லுது, நான் நல்லாத்தான் இருக்கிறன் எண்டு. படம் கொண்டுவாற வயர் எச்டிஎம்ஐ எண்ட ஓட்டையில இருக்க, மொனிட்டர் விஜிஏ எண்ட மத்த ஓட்டையப் பாத்துக்கொண்டு நிக்கும், மொனிட்டரில இருக்கிற சோர்ஸ் பட்டன அமத்தினாச் சரி. பொடியன் கேம் விளையாட புதுசா கிராபிக்ஸ் கார்ட், அதான் படத்த உருவாக்குற கார்ட், போட்டவனா, வயர் அந்தக் கார்ட்டிலதான் இருக்கணும், மேல இருக்கிற பழைய ஓட்டையில இல்ல. இந்த ஒண்டுக்கே எத்தின பேர் என்னட்ட வந்திருக்கிறாங்க! விஜிஏ எண்டா 15 பின், ஒண்டு வளைஞ்சாலும் வில்லங்கம்.

மெய்யாவே மொனிட்டர் பழுதெண்டா எப்பிடித் தெரியும்? இருட்டில டோர்ச்ச சரிச்சுப் பிடிங்க, உள்ளுக்க மங்கலாப் படம் தெரிஞ்சா படத்துக்குப் பின்னால எரியிற வெளிச்சம் போயிற்று. அப்ப தூக்கி வாங்க, நான் பாக்கிறன்.

தங்கச்சி கையக் காட்டுறா. கெதியாச் சொல்லுறன், கம்பனி லோகோ வந்து மறுகா கறுப்பானா அது அனேகமா விண்டோஸ் பக்கத்துப் பிரச்சின, அவசியமானத மட்டும் வச்சு விண்டோஸ் தொடங்குற சேஃப் மோடில போய்ப் பாக்கணும். திகதி ஒவ்வொரு நாளும் பிழைச்சா உள்ளுக்க இருக்கிற பட்டன் பற்றரி, சிஆர்2032, 3 வோல்ட், மாத்துங்க. பீப் சத்தத்தப் பத்திச் சொல்ல இருந்தன், நேரமில்ல. பழைய பெட்டி மொனிட்டர மட்டும் பின்னால திறக்காதீங்க, வயரக் கழட்டினாப் பிறகும் உள்ளுக்க ஆயிரக்கணக்கான வோல்ட் நிக்கும். ஓம், ஓம், முடிச்சிட்டன் தங்கச்சி. வாறன்.