மேயர் தேர்தலும் நம் வாக்காளர் பட்டியலும்: ஜோர்ஜ்டவுனில் தன்னார்வலர்களுக்கு ஆற்றிய உரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மேயர் தேர்தல் மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான இந்த ஊருக்குப் புதிதல்ல. 1951 டிசம்பரில் இங்கே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957-இல் ஜோர்ஜ்டவுன் மாநகரானபோது முதல் மேயராக வந்தவர் ஆசிரியர் டி.எஸ். ராமநாதன். மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், உறுப்பினர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். ஊராட்சி மன்றங்களை ஆராய அரசு அமைத்த ஆதி நாகப்பன் ஆணையம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியும், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. அதை மீட்க 2014-இல் பினாங்கு அரசு நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, நடக்கவில்லை.

நாளைக்கே கதவு திறந்தால் நாம் தயாரா? மைக் பிடிக்க நம்மிடம் ஆள் பஞ்சமே இல்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிளாட்டில் படியேறத்தான் ஆள் கிடைப்பதில்லை.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. ஆனால் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கிற முகவரிக்குத்தான் ஏறும். இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, பக்கத்திலேயே வாடகை வீடு, ஐசியில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் முகவரி. இப்படி எத்தனை பிள்ளைகள்! குப்பை அள்ளாத பிரச்சினையும் பார்க்கிங் அபராதமும் இங்கே, ஓட்டு அங்கே. இதைச் சரிசெய்ய இரண்டு வேலை உண்டு. முதலில் தேசியப் பதிவுத் துறையில் முகவரியை மாற்ற வேண்டும். பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலோர் முதல் வேலையோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப் பயனில்லை.

2018 பொதுத்தேர்தலில் வாக்களிப்பு 82 விழுக்காடு, 2022-இல் ஏறக்குறைய 74. வந்தவர்கள் குறையவில்லை, கூடத்தான் செய்தார்கள். பட்டியல் அதைவிட வேகமாக வீங்கியது. விழுக்காட்டைப் பார்த்து இளைஞர்களைத் திட்டுமுன் இதை யோசியுங்கள்.

பட்டியலை மாடிவாரியாகப் பிரித்து அச்செடுங்கள். கதவு தட்டியதும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறி போடுங்கள்: வருவார், சந்தேகம், வீடு மாறிவிட்டார், இறந்துவிட்டார். "ஓட்டுப் போடுவீங்களா அண்ணே?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "எத்தனை மணிக்குப் போறீங்க, யார் கூடப் போறீங்க?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அவர் 'சந்தேகம்'. திரும்பிப் போக வேண்டிய வீடு அதுதான், நமக்கு டீ போட்டுக் கொடுக்கிற ஆதரவாளர் வீடல்ல.

வாக்களிப்பு மையத்தில் வரிசைகள் வயதுப்படி பிரிக்கப்படும். மூத்தவர்கள் முதல் சாலுரானில் (வாக்களிப்பு வரிசையில்), இளையவர்கள் கடைசியில். ஒரே காரில் வந்த பாட்டியும் பேரனும் வேறு வேறு வரிசையில் நிற்பார்கள். பாட்டி முடித்துவிட்டுப் பேரனுக்காக வெயிலில் காத்திருக்க நேரும். உட்கார நாற்காலிக்கும் தண்ணீருக்கும் வீட்டாரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

வாக்களிப்பு நாளில் பிரச்சாரம் குற்றம். கட்சிச் சட்டையோடு மையத்துக்குள் போகக் கூடாது. அதனால் மனம் மாற்றும் வேலையெல்லாம் முந்தின நாள் நள்ளிரவுக்குள் முடிந்திருக்க வேண்டும். மறுநாள் 'சந்தேகம்' என்று குறித்த வீடுகளுக்குப் போக நினைப்பவர்கள், அன்று எது செய்யலாம், எது கூடாது என்பதை வேட்பாளரின் தேர்தல் முகவரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.