பன்னீரில் தங்கிவிடும் மணம்

நேயர்களுக்கு வணக்கம்.

ரோஜாவின் மணம் பல பொருள்கள் கூடிச் செய்வது. அவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது பினைல் எத்தில் ஆல்கஹால். நிறமற்ற நீர்மம், ஏறத்தாழ 220 டிகிரி செல்சியசில் கொதிக்கும். அதன் மூலக்கூறில் ஒரு பென்சீன் வளையம், அதிலிருந்து இரண்டு கார்பன் நீளத்துக்கு ஒரு வால், வாலின் நுனியில் ஹைட்ராக்சில் தொகுதி. வளையம் தண்ணீரை விலக்கும். நுனியோ தண்ணீரை நாடும்.

இந்த இழுபறியின் விளைவைப் பாருங்கள். 100 மில்லிலிட்டர் தண்ணீரில் இது சுமார் 2 கிராம் கரையும். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் மணப்பொருள்களில் பெரும்பாலானவை தண்ணீரில் இந்த அளவுக்குக் கரைவதே இல்லை. எனவே இதழ்களை நீராவியில் வடிக்கும்போது மற்ற மணங்கள் எண்ணெயாகத் திரண்டு மேலே மிதக்க, இது பெரும்பாலும் அடியில் உள்ள தண்ணீரோடு போய்விடுகிறது. கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்த ரோஜாச் சாறில் பாதிக்கும் மேல் இதுவே இருக்கக்கூடும். வடித்த எண்ணெயிலோ ஓரிரு சதவீதம்தான். பன்னீரை எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் கழிவாக நினைப்பது தவறு. பூவின் ஒரு பாதி அதற்குள்தான் இருக்கிறது.

ரோஜா மட்டுமே இதைச் செய்வதில்லை. ஈஸ்ட்டும் செய்கிறது. பினைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொண்டு, மீதியை இந்த ஆல்கஹாலாக வெளியே விடுகிறது. அந்த வழியை 1907-இல் விளக்கிய ஃபெலிக்ஸ் எர்லிக்கின் பெயரே இன்றும் அதற்கு வழங்குகிறது. ரொட்டி மாவிலும் திராட்சை மதுவிலும் மெல்லிய பூமணம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோப்பின் காரத்தில் பல மணப்பொருள்கள் சிதைந்துபோகும். இது தாங்கி நிற்கும். சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் தடுப்பதால் அழகுப் பொருள்கள் கெடாமலிருக்கவும் சேர்க்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பயன் மருத்துவத்தில் இருக்கிறது. அம்மோனியா மூக்கில் குத்தும், மென்தால் குளிரும். முகரும் திறனை இழந்தவர்கூட அவற்றை உணர்ந்துவிடுவார். அந்த உணர்வுக்குரிய நரம்பு வேறு. பினைல் எத்தில் ஆல்கஹால் குத்துவதில்லை, குளிர்வதில்லை. பெரிதும் முகரும் நரம்பையே தொடுகிறது. அதனால் ஒருவரின் முகரும் திறனைச் சோதிக்க, இரண்டு குப்பிகளில் ஒன்றில் மட்டும் இதைக் கலந்து, மற்றதை வெறுமையாக வைத்து அவருக்கு முகரக் கொடுக்கிறார்கள். செறிவைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போய், எந்த அளவு வரை அவருக்கு அந்த ரோஜா எட்டுகிறது என்று அளக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.