கூரைத் தகடும் நாடுகளின் சண்டையும்

வணக்கம் நேயர்களே. பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கூரைக்குச் சோலார் தகடு வந்து இறங்கிய அன்று, ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் வெள்ளைத் தாள், 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்று. மனசுக்கு நிறைவாக இருந்தது. விசாரித்தால், தொழிற்சாலை இங்கே, நிறுவனம் சீன நாட்டுடையது. உலக அரசியலே அந்தத் தாளில் ஒட்டியிருக்கிறது.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. கிணறு வைத்திருந்தவர் சொன்னதுதான் அப்போது சட்டம். வெயிலுக்குக் கிணறு கிடையாது. ஆனால் தகடு தயாரிப்பின் முக்கியக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவின் கையில். அதே சீன நிறுவனங்கள் நம் வட்டாரத்துக்கு வந்து தயாரித்து அனுப்புகின்றன என்று சொல்லி, 2025இல் அமெரிக்கா மலேசியத் தகடுகளுக்கும் வரி போட்டது. வாஷிங்டனில் போடும் கையெழுத்து, இங்கே நம் பிள்ளைகளின் இரவு ஷிப்டைத் தொடுகிறது.

அப்புறம், அரிய மண் கனிமங்கள். காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் வேண்டிய காந்தம் இவற்றில்தான் செய்யப்படுகிறது. 2010இல் ஒரு மீன்பிடிப் படகுத் தகராறுக்குப் பிறகு, ஜப்பானுக்குப் போகவேண்டிய சரக்கு சீனத் துறைமுகங்களில் தேங்கியது. பதறிய ஜப்பான், அடுத்த வருடமே லைனஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. அது தோண்டும் கனிமம் கப்பலேறி எங்கே வருகிறது? பகாங்கில், குவாந்தானுக்குப் பக்கத்தில் உள்ள கெபேங்குக்கு. அதைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும், கதிரியக்கம் உள்ள தோரியம் கலந்த கழிவும் அங்கேதான்.

இதுவும் எண்ணெயைப் போல இன்னொரு அடிமைத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் நின்றால் சில வாரங்களில் கார் நிற்கும். தகடு வருவது நின்றாலும், கூரையில் இருப்பது இன்னும் 20 வருடமாவது மின்சாரம் தரும். மூச்சு விட அவகாசம் கிடைக்கிறது, அது பெரிய விஷயம்.

அந்த அவகாசத்தில் நாம் என்ன செய்கிறோம்? இந்தோனேசியா 2020இல், மின்சாரக் கார் பேட்டரிக்கு வேண்டிய நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றும், தடையை எடுக்கவில்லை. நாமும் 2024இல் அரிய மண்ணைப் பதப்படுத்தாமல் அனுப்பத் தடை கொண்டுவந்தோம். சரியான முடிவுதான். ஆனால் இங்கேயே பதப்படுத்தினால் கழிவும் இங்கேயே தங்கும். அடுத்த ஆலைக்கு இடம் பார்க்கும் முன், அதிகாரிகள் கெபேங் மக்களின் வீட்டில் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும்.

நன்றி, வணக்கம்.